முதல் வரியில் இருக்கும் பெயர்: பாளையங்கோட்டை கிளாரிந்தா, ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில், பழைய கோட்டை இருந்த பகுதிக்குள் ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் கிளாரிந்தா ஆலயம் என்று எழுதியிருந்தாலும், என் ஆச்சி ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவளுக்கு அது ‘பாப்பாத்தியம்மா கோயில்’தான். கிறிஸ்தவக் கோயிலுக்குப் பாப்பாத்தியம்மா பேர் எப்படி வந்தது என்று சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால், திருநெல்வேலித் திருச்சபை பிறந்த கதையை ஞாயிறு பள்ளிக்கு முன்பே ஆச்சியிடமிருந்து கேட்டிருப்பேன்.

நம்மை ஆசீர்வதிக்க ஆண்டவர் யாரை அனுப்புவார் என்று நாம் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். வேதம் படித்தவர், நல்ல சாட்சியுள்ளவர், சபையில் பேர் பெற்றவர் என்று அது போகும். அந்தப் பட்டியலில் எந்தக் கணக்கிலும் வராத ஒரு பெண் வழியாக ஒரு பெரிய திருச்சபைக்கே ஆசீர்வாதம் வந்தது. எப்படி வந்தது, அது வரும் வழியில் யார் யார் தயங்கினார்கள் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் இனிப்பாக மட்டுமே முடிந்துபோகும். ஒரே ஒருத்தியின் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் அதில் உள்ள வலியும் தெரியும்.

அவள் யார்

தஞ்சாவூர் பக்கத்து மராட்டிப் பிராமணக் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே கணவனை இழந்தவள். கணவனின் சிதையில் ஏற்றப்பட இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சிதைக் கதை செவிவழியாக வந்தது. அதற்குப் பிறகு நடந்தது மிஷனெரிகளின் எழுத்திலேயே இருக்கிறது. அவள் அந்த அதிகாரியோடு, கல்யாணம் ஆகாமல் வாழ்ந்தாள். அவர் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஞானஸ்நானத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இவளுக்கு முதன்முதலில் சுவிசேஷத்தைச் சொன்னது எந்தக் குருவும் இல்லை, எந்த உபதேசியாரும் இல்லை. சபையின் சட்டப்படி தானே தவறான வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பட்டாளத்துக்காரர். வைப்பாட்டியாக வைத்திருந்த பெண்ணுக்கே அவர் ஆண்டவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவர் போட்ட விதை பழுதில்லாமல் முளைத்தது. முள்ளுக்குள் விழுந்த விதை நெருக்கப்படும் என்றுதான் உவமையில் படித்திருக்கிறோம். இங்கே விதைக்கிறவனே முள்ளுக்குள் நின்றுகொண்டு விதைத்திருக்கிறான்.

சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன ‘முடியாது’

அவள் ஞானஸ்நானம் கேட்டாள், கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸிடம்.

சுவார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1726-ல் பிறந்த ஜெர்மானிய மிஷனெரி. 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-ல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழில் சரளமாகப் பேசிப் பிரசங்கித்தவர். ஆங்கிலேயரை அடியோடு நம்பாத ஹைதர் அலியிடம் தூது போக 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். தஞ்சாவூர் அரசர் துளஜா தன் தத்துப் பிள்ளை சரபோஜியை ஒப்படைத்ததும் இவர் கையில்தான். நேர்மைக்கு இவ்வளவு பேர் எடுத்த மனிதர், அவளுக்கு மாட்டேன் என்று சொன்னார். அந்த அதிகாரியோடு வாழும் வாழ்க்கை தொடரும்வரை ஞானஸ்நானம் இல்லை என்றார்.

சுவார்ட்ஸைக் கடுமையானவர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனமில்லை. அவர் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். மனந்திரும்புதல் இல்லாத ஞானஸ்நானம் வெறும் தண்ணீர் என்று உண்மையாகவே நம்பியவர். கம்பெனிப் பட்டாளத்தாரின் ஒழுங்கீனத்தை அன்றாடம் கண்ணால் பார்த்தவர். அதற்குச் சபையும் முத்திரை குத்தியது என்று ஊர் பேசுமே என்ற பயமும் இருந்திருக்கும். ஒரு மேய்ப்பனின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்துகிறது. ஒரே வீட்டில், ஒரே உறவில் இரண்டு பேர். ஒருவர் பிறப்பிலேயே கிறிஸ்தவர், குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கியவர். இன்னொருத்தி இப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறாள். கதவு சாத்தப்பட்டது அவள் முகத்தில். அந்த உறவைத் தொடங்கவோ முடிக்கவோ அவளுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்திருக்கும்? சாதி போனது, பிறந்த வீடு போனது, புகுந்த வீடு போனது. அந்த மனிதரை விட்டுவிட்டு வா என்றால் அவள் எந்தத் தெருவுக்குப் போவாள்? அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டதும், எனக்கு என்ன தடை என்று பிலிப்புவைக் கேட்கிறான். பிலிப்பு தடை சொல்லவில்லை, இரண்டு பேருமாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். இவளுக்குத் தடை இருந்தது. அது அவள் மட்டுமே எழுப்பிய தடை இல்லை.

அவள் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். உங்கள் ஆண்டவரும் வேண்டாம், உங்கள் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் போகவில்லை. லிட்டில்டன் பட்டாளத்தோடு பாளையங்கோட்டைக்கு மாறியபோது அவளும் கூட வந்தாள். அங்கே அவர் நோய்ப்பட்டு இறந்தார். இறப்பதற்கு முன் தன் சொத்தை அவளுக்கு விட்டுப் போனார்.

1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவள் மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பேர். வேதாகமத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத பேர் அது. சாராள், ரெபேக்காள், மரியாள் என்று வரிசையாகப் பேர்கள் இருக்க, இவளுக்கு வாய்த்தது எந்த வரிசையிலும் சேராத பேர். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

சுவார்ட்ஸ் வருவதற்கு முன்பே

பாளையங்கோட்டை வெறும் நிலமாக இருந்து, சுவார்ட்ஸ் வந்த பிறகுதான் அங்கே விதை விழுந்தது என்று நினைத்தால் தப்பு. 1771-லேயே திருச்சிராப்பள்ளியிலிருந்து அவர் எழுதிய குறிப்பில் மூன்று பேர் வருகிறார்கள். சவரிமுத்து என்ற கிறிஸ்தவர், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். இன்னொருவர் ஓர் ஆங்கிலச் சார்ஜண்ட். அவர் மனைவி சுவார்ட்ஸின் சபையைச் சேர்ந்தவள். இந்த மூன்று பேரையும் யாரும் ஊழியத்துக்கு நியமிக்கவில்லை. சம்பளமில்லை, பட்டமில்லை.

பிறகு ஒரு கைம்பெண்ணும் வந்து சேர்ந்தாள். குரு போய்ச் சேர்வதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே ஆண்டவர் அந்தக் கோட்டைக்குள் ஆட்களை வைத்திருந்தார். பேதுரு, ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டு வாசலைத் தாண்டியபோது பார்த்ததும் இதையேதான். தான் கொண்டுபோவதாக நினைத்தது அங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

நாற்பது பேர்

1780-ல் பாளையங்கோட்டைச் சபைக்கு ஒரு பதிவேடு எழுதப்பட்டது. நாற்பது பேர்கள். முதல் பேர் கிளாரிந்தா. அவளுக்குக் கீழே பல சாதிகளைச் சேர்ந்தவர்கள், குடும்பம் குடும்பமாக.

இதை அந்தக் காலத்துக் கண்ணோடு படிக்க வேண்டும். ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரர் தெருவில் நடக்கக்கூட முடியாத காலம் அது. அந்தப் பக்கத்தில் அத்தனை பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள். மிஷனெரிகளின் சபைகளிலேயே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த வழக்கம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். பாளையங்கோட்டைச் சபையும் ஒரே நாளில் பரலோகம் ஆகிவிடவில்லை. ஆனால் இத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர யாரால் முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளாளர் தலைமை ஏற்றிருந்தால் அது வெள்ளாளர் சபையாகப் பேர் வாங்கியிருக்கும். இவளோ தன் சாதியால் தள்ளப்பட்டவள், வெள்ளைக்காரச் சமூகத்திலும் மரியாதையான இடம் இல்லாதவள். எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமில்லாத ஒருத்தியின் பக்கத்தில் எந்தக் கூட்டத்தாரும் வந்து உட்காரலாம். இது என் கணிப்புதான். இருந்தாலும் நாற்பது பேரைச் சேர்க்க அவளுக்குக் கைகொடுத்தது, உலகம் அவளுக்குச் செய்த அநியாயமேதான் என்று எனக்கு அந்தப் பட்டியலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அநியாயத்தை ஆசீர்வாதம் என்று நான் சொல்லவில்லை. யோசேப்பை அண்ணன்மார் குழியில் போட்டது தீமைதான், கடைசிவரை அது தீமைதான். ஆண்டவர் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பதற்காகக் குழிக்கு வெள்ளையடிக்கக் கூடாது.

ஒரு கட்டடம், ஒரு சிறுவன், ஒரு உபதேசியார்

சபை வளர்ந்ததும் கிளாரிந்தா இரண்டு காரியங்களுக்குப் பாடுபட்டாள். முதலாவது, நிலையான ஒரு ஆலயம். தன் கைப்பணத்தைப் போட்டு, ஆங்கிலேயர் சிலரின் உதவியும் பெற்று, கோட்டைக்குள் சுண்ணாம்புக் காரையில் கட்டினாள். 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். முன்பு ஞானஸ்நானம் மறுத்த அதே சுவார்ட்ஸ். அவள் கட்டிய பீடத்தின் முன்னால் நின்று ஜெபித்தபோது அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? மறுத்ததை எண்ணி அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருப்பார். தன் தயக்கத்தையும் தாண்டி ஆண்டவர் காரியத்தை நடத்தினாரே என்று சந்தோஷப்படக்கூடிய மனது அவருக்கு இருந்தது.

இரண்டாவது, கூடவே தங்கி நடத்தும் ஊழியர். எப்போதாவது வந்துபோகும் குரு போதாது என்று அவள் விடாமல் கேட்டாள். தஞ்சாவூருக்கே போய்க் கேட்டாள் என்று சபை வரலாறு சொல்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், பாளையக்காரர் சண்டைகள் நடந்துகொண்டிருந்த சீமை வழியாக. அதன் பலனாக சத்தியநாதன் என்ற உபதேசியார் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790-ல் அவருக்குத் தஞ்சாவூரில் குருப்பட்டம் கிடைத்தது. அவரோடு ஊழியம் செய்தவர்களில் ஒருவர் சாத்தான்குளம் பக்கத்துத் தாவீது சுந்தரானந்தம், பனையேறும் சமூகத்து வாலிபர். 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்று முதலாவதாக உண்டான ஊருக்கு முதலூர் என்றே பேர் வைத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். தெற்கே தேரிக்காட்டில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. இதைவிட என் மனதைத் தொடுவது, அந்த 1785 பயணத்தின் ஓரத்தில் நடந்த ஒரு சின்னக் காரியம். பாளையங்கோட்டைச் சபையில் தேவசகாயம் பிள்ளை என்றொரு புலவர் இருந்தார். சைவராய்ப் பிறந்து, கத்தோலிக்கராகி, பிறகு இந்தச் சபைக்கு வந்தவர். அவருடைய மகன் வேதநாயகம், அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பையன். பிரதிஷ்டைக்கு வந்த சுவார்ட்ஸின் கண்ணில் அவன் பட்டான். எனக்குக் கொடுங்கள், படிக்க வைக்கிறேன் என்று கேட்டு அவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். சரபோஜியோடு வளர்ந்த அந்தப் பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் நாம் பாடும் எத்தனையோ கீர்த்தனைகள் அவர் பாடியவை. கூடை முடைந்து குறி சொல்லித் திரியும் குறத்தியின் வாயிலே வேத சத்தியத்தை வைத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். குறத்தியின் வாயிலிருந்து நல்ல செய்தி வரலாம் என்று அவருக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர் வளர்ந்த சபையின் முதல் பேர் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

கிளாரிந்தா கோயில் கட்டாமல் இருந்தால் 1785-ல் சுவார்ட்ஸ் அங்கே வந்திருக்கத் தேவையில்லை. இப்படி ‘இல்லாவிட்டால்’ போட்டு வரலாறு எழுதக் கூடாது என்பார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று எழும்பும்போது என் எண்ணம் அந்தப் பெண்ணிடம் போகாமல் இருப்பதில்லை.

எங்கள் வீட்டு வாசலில்

இந்த ஆய்வை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் அப்பா பல வருஷம் ஒரு கிராமச் சபையில் கமிட்டி உறுப்பினராக இருந்தார். ஒழுங்கான மனுஷன், கணக்கில் ஒரு பைசா தவறமாட்டார். அந்த ஊரில் ஒரு அம்மா இருந்தாள். இன்னொரு குடும்பம் உள்ள ஒருவரோடு வாழ்ந்தவள். ஆராதனைக்குத் தவறாமல் வருவாள், வாசல் பக்கத்துப் பாயின் ஓரத்தில் உட்காருவாள், நற்கருணை தொடங்கும் முன் எழுந்து போய்விடுவாள். சபைப் பதிவேட்டில் தன் பேரைச் சேர்க்கச் சொல்லி அவள் கேட்டபோது, கூடாது என்று சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர்.

அப்பா வாதம் வந்து படுக்கையில் விழுந்தார். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். மூன்றாம் மாதம் யாரும் இல்லை. அம்மாவால் அவரைத் தூக்கிப் புரட்ட முடியாது, நான் வேலையில் வெளியூரில். ஒருநாள் காலையில் பால் வாங்கும் நேரத்துக்கு அந்த அம்மா வந்து நின்றிருக்கிறாள். “அக்கா, அய்யாவுக்கு முதுகு புண்ணாயிருமே, நான் ஒரு கை பிடிக்கட்டா?” என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு தினமும் வந்தாள்.

நான் லீவில் போனபோது பார்த்தேன். ஒரு கையை அப்பாவின் தோளுக்குக் கீழே கொடுத்து, மறு கையால் இடுப்பைத் தாங்கி, “இந்தப் பக்கமா சாயுங்கய்யா, பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்றாள். வெந்நீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்து, ஈரம் உலரும்வரை விசிறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் பவுடர். வாய்க்குள்ளே ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. முடித்துவிட்டு அவள் பாத்திரத்தை எடுக்கப் போனபோது, இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலில் அப்பா சொன்னார்: “ஜெபம் பண்ணீட்டுப் போம்மா.”

அவள் திகைத்து நின்றாள். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணச் சொல்லி அவளை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டில் காலடியில் முழங்கால் போட்டாள். என்ன ஜெபித்தாள் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவில்லை. அப்பாவின் பேரைச் சொன்னாள், என் பேரைச் சொன்னாள், தன் பேரைச் சொல்லவில்லை.

தமஸ்குவில் அனனியாவுக்கு சவுலின் பக்கத்தில் போகவே பயம். போய்க் கை வைத்தபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, சகோதரனாகிய சவுலே என்பது. சவுல் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தான், தான் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக வந்த கூட்டத்தில் ஒருவன் கைக்குக் கீழே. அந்த அறையில் இருவருமே ஒருவருக்கொருவர் எதிர்பாராதவர்கள். எங்கள் வீட்டு அறையில் நான் பார்த்ததும் அதுபோல ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

அவள் பேர் பதிவேட்டில் ஏறுவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசிக் காலத்தில் குருவானவரிடம் அதைக் குறித்துப் பேச வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மீதி

கிளாரிந்தாவை நினைக்கும்போது நான் அதிகம் யோசிப்பது ஞானஸ்நானம் கிடைத்த நாளை அல்ல, அது கிடைக்காத வருஷங்களை. மறுப்புக்கும் 1778-க்கும் நடுவில் அவள் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. நற்கருணை இல்லை, பேர் இல்லை. அந்தக் காலத்தில் அவள் விசுவாசத்தைக் கைவிடவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, வாய்ப்பு வந்ததும் மறுபடியும் போய்க் கேட்டாளே, அதுதான். அந்த வருஷங்களில் அவளுக்கு யார் ஆறுதல் சொல்லியிருப்பார்கள்? சவரிமுத்துவா, அந்தச் சார்ஜண்டின் மனைவியா? ஒரு சின்னக் கோட்டைக்குள் இவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்க முடியுமா?

திருநெல்வேலித் திருச்சபை தன் நூற்றாண்டு விழாவை 1880-ல் கொண்டாடியது. எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது என்ற கேள்வி வந்தபோது முதல் மிஷனெரி வந்த வருஷத்தை எடுக்கவில்லை, ஆலயம் கட்டிய வருஷத்தையும் எடுக்கவில்லை. 1780-ஐ எடுத்தார்கள். நாற்பது பேர்கள் எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டின் வருஷம், முதல் வரியில் கிளாரிந்தா.